எச்டி 650: ஏழு வருஷமும் ஒரு சீலிங் ஃபேனும்

போன வாரம் பள்ளிக்கூட நண்பன் போனில் கேட்டான். "மச்சினன் ஜூன்ல அமெரிக்காவுல இருந்து வர்றான்டா. 6எக்ஸ்எக்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா? நீ ஏழு வருஷமா அதைத்தானே வச்சிருக்கே?"

என்னிடம் இருப்பது 2018-இல் 32,000 ரூபாய்க்கு வாங்கிய சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன். அவன் கேட்ட 6எக்ஸ்எக்ஸ் கிட்டத்தட்ட அதேதான், கருநீல நிறத்தில், குட்டைக் கேபிளோடு. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவன் கேட்ட நேரம் அப்படி. கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி. ஹெட்ஃபோனை மேசைமேல் கழற்றிப் போட்டுவிட்டு டார்ச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரமாக இடது காதில் ஒரு இரைச்சல். எல்லா நேரமும் இல்லை. தம்புராவின் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸா, ஒலிக்கும்போதும், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கும்கி என்னும் கனத்த நாதம் விழும்போதும் மட்டும், மெல்லிய காகிதம் காற்றில் படபடப்பது போல. முதலில் ஒலிப்பதிவைச் சந்தேகித்தேன். அப்புறம் ஹெட்ஃபோனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்பை. கேபிளை இடம் வலமாக மாற்றிப் போட்டும் இரைச்சல் இடது பக்கத்தை விட்டு நகரவில்லை, ஆக ஹெட்ஃபோனில்தான் கோளாறு. ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். காதில் வைத்து அரை நிமிஷம் கேட்டார்கள். "டிரைவர் போயிடுச்சு சார், மாத்தணும்." டிரைவர் என்பது உள்ளே ஒலியெழுப்பும் குட்டி ஸ்பீக்கர். அதற்குச் சொன்ன தொகை புது ஹெட்ஃபோன் விலையில் பாதி. காதைச் சுற்றி அமரும் மெத்தையான பேடைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கழற்ற வேண்டியது ஒரே ஒரு பேட், அதற்கு ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம்.

வீட்டுக்கு வந்து நானே கழற்றினேன். டிரைவரின் முன்பக்கத் துளைகள் வழியாக டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், உள்ளே மெல்லிய சவ்வு மினுங்குவது தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்க்க வேண்டும். மூன்றாவது முறை சாய்த்தபோது தெரிந்தது: ஒரு முடி. ஒரு துளைக்குள் பாதி நுழைந்து, நுனி சவ்வைத் தொட்டுக்கொண்டு நின்றது. கீழ்ச்சுரங்களில் சவ்வு அதிகமாக அசையும், அப்போது முடியில் போய் இடிக்கும். இரைச்சலுக்குக் காரணம் அவ்வளவுதான். இரும்பு ட்வீசரை அருகில் கொண்டுபோகக் கூடாது. உள்ளே இருக்கும் காந்தம் வெடுக்கென்று இழுத்துவிடும், சவ்வு கிழிந்தால் உண்மையாகவே டிரைவர் போய்விடும். ஒரு ஈர்க்குச்சியின் முனையில் செல்லோடேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைத் தொட்டு இழுத்தேன். வந்துவிட்டது. 40 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை, அதாவது ஒரே சீரான கீழ்ச்சுரம் ஒன்றை, மெல்ல ஏற்றிக் கேட்டேன். இடதும் வலதும் ஒன்றுபோலச் சுத்தமாக இருந்தன.

முடி உள்ளே போனதற்குக் காரணம் நான்தான். டிரைவருக்கும் காதுக்கும் நடுவே வட்டமாக ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு இருக்கும். 2020 ஊரடங்கில், மேல் சுரங்கள் இன்னும் தெளிவாக வரட்டும் என்று அதை எடுத்துவிட்டேன். தெளிவு கூடியது நிஜம், வயலினில் வில் இழுபடும் ஓசை முன்னால் வந்தது. ஆனால் அந்த ஸ்பாஞ்சு தூசிக்கும் முடிக்கும் தடுப்பாகவும் இருந்திருக்கிறது. இப்போது திரும்பப் போட்டுவிட்டேன்.

ஹெட்ஃபோனைப் பிரித்து மாற்றுவது கிறுக்குத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்று ஒரு ஜப்பானிய ஸ்டுடியோ ஹெட்ஃபோன் உண்டு. அதற்குள் களிமண்ணும் பஞ்சும் ஃபெல்ட்டும் வைத்து ஒலியை மாற்றிப் பார்ப்பதில் தொடங்கியவர்தான் டான் கிளார்க், இன்று தன் பெயரிலேயே ஹெட்ஃபோன் செய்கிறார். சிகாகோவின் இசட்எம்எஃப் ஹெட்ஃபோன் நிறுவனமும் அதே ஹெட்ஃபோனில் கைவைத்துத் தொடங்கியதுதான். அவ்வளவு தூரம் போவானேன், கச்சேரிக்கு முன் மிருதங்கக்காரர் தொப்பியில் ஈர ரவையை அப்புகிறாரே, அதுவும் இதே வேலைதான். தோலில் எடை கூடினால் சுருதி இறங்கும், நாதம் தடிக்கும். நடுவில் ரவை காய்ந்தால் விரலால் தண்ணீர் தொட்டு வைப்பார். வலது பக்கமான வலந்தலையின் தோல்களுக்கு நடுவே ஈர்க்குச்சி செருகினால் குச்சி மிருதங்கம், கல் பொடி தூவினால் கப்பி மிருதங்கம். வாங்கி வந்த வாத்தியத்தை அப்படியே வாசிக்கிறவர் யார்?

நானும் நிறைய செய்து பார்த்தேன். டிரைவரைச் சுற்றி ஒட்ட, அதிர்வை அடக்கக் கார் கதவுக்குள் போடும் பியூட்டைல் ஷீட்டை ஜி.பி. ரோட்டில் வாங்கி வந்து, விரல் நக அளவுத் துண்டுகளாக நறுக்கி, காற்றுத் துளைகள் மூடாமல் ஒட்டினேன். பாஸ் இறுகிவிட்டது என்று ஒரு மாதம் நம்பினேன். பிறகு ஒரு பக்கம் மட்டும் உரித்துவிட்டு, இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும்படி மோனோவில் ஒரே பதிவை ஓடவிட்டு, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் தங்கையிடம் கொடுத்தேன். பத்து முறையில் அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எனக்கும் முடியவில்லை. சின்ன மைக் வைத்து அளந்தால், ஹெட்ஃபோனைத் தலையில் அரை விரல் நகர்த்தி வைப்பதால் வரும் வித்தியாசம் இதைவிடப் பெரிது.

கேபிள் கதை வேறு. மூன்று மீட்டர் கேபிள் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டே இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு இழை மைக் கேபிள் வாங்கி ஒன்றரை மீட்டருக்கு நானே சால்டர் வைத்தேன். இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒயர் போவதால், மறுமுனையில் என்ன பின் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். காதுப் பக்கப் பிளக்கின் இரண்டு பின்னில் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு, திருப்பிச் செருக வராது. இப்படிச் சின்ன விஷயத்தில் யாரோ யோசித்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். ஒலியில் மாற்றம்? ஒன்றுமில்லை. கழுத்துக்குத்தான் நிம்மதி.

ஆம்ப் மாற்றினால் வித்தியாசம் உண்மையில் கேட்கும். பெயருக்கு 300 ஓம் என்றாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இந்த ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, 500 ஓம் வரை ஏறுகிறது. அதனால் அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம் உள்ள பாட்டில்ஹெட் கிராக் போன்ற வால்வு ஆம்பில் போட்டால் அந்தப் பகுதி ஒரு டெசிபல் அளவு எழும்பும். கணக்குப் போட்டே காட்டலாம், மாயம் ஒன்றுமில்லை. நண்பர் ஒருவரின் ஆம்பில் கேட்டேன், வீணை கொஞ்சம் உடம்பு வைத்தது போல இருந்தது. இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் ஈக்யூவில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாலு டெசிபல் ஏற்றியதும் வந்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

சரி, இப்போது ஏழு வருஷ எரிச்சலுக்கு வருகிறேன். ஃபேன்.

இது ஓப்பன் பேக். பின்பக்கம் கம்பி வலைதான், சுவர் கிடையாது. உள்ளே ஒலிப்பது வெளியே கேட்கும், வெளியே ஒலிப்பது உள்ளே வரும். தெரிந்தேதான் வாங்கினேன். ஆனால் சென்னையில் வருஷத்துக்குப் பத்து மாதம் தலைக்கு மேல் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அதோடு சேர்த்து யோசிக்கவில்லை. வாங்குவதற்கு முன் நான் படித்த மதிப்புரைகளில் ஒன்றில்கூட ஃபேன் வரவில்லை. எழுதியவர்கள் குளிர்ந்த ஊரில், சுவர்க் கடிகாரம் கேட்கும் அமைதியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே பாடகர் மூச்சு எடுப்பது கேட்கும் என்று எழுதினால் கேட்கும். என் அறையில் மூன்றாம் நம்பரில் ஃபேன் ஓடும்போது மூச்சும் கேட்காது, பாட்டு முடிந்தபின் தம்புரா தேய்ந்து அடங்குவதும் கேட்காது. ஃபேனை நிறுத்தினால் எல்லாம் கேட்கும், அரை மணியில் பேட் இரண்டும் வியர்வையில் ஊறும்.

ஃபேன் சத்தத்தில் இரண்டு இருக்கிறது. ஒன்று காற்றின் இரைச்சல். மற்றது மோட்டாரின் உறுமல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மோட்டார் அதற்கு இருமடங்கில், 100 ஹெர்ட்ஸில் உறுமும். ஆண்குரல் கச்சேரியில் தம்புராவும் தொப்பியும் நடமாடுகிற இடமும் அந்தப் பக்கம்தான். பழைய மின்னணு ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் காற்று குறையும், உறுமல் கூடும். ஒரு மந்தர பஞ்சமத்தைக் கேட்டுவிட்டு, அது வீணையா ஃபேனா என்று நான் தேடிய இரவுகள் உண்டு.

2022-இல் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார், ஃபேன் மாட்டினேன். சுமார் 3,000 ரூபாய். கரண்ட் மிச்சமாகும் என்று வீட்டில் சொல்லித்தான் வாங்கினேன், 75 வாட் ஓடிய இடத்தில் 28 வாட், அதுவும் உண்மைதான். அன்றிரவு முதல் நம்பரில் போட்டுவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். உறுமல் இல்லை. காற்றின் சலசலப்பு மட்டும் மெல்ல இருந்தது. பல முறை கேட்ட ஒரு பழைய கச்சேரிப் பதிவில், பல்லவிக்கு முன் யாரோ பின்னால் நாற்காலியை நகர்த்துவது முதல் தடவையாகக் கேட்டது. இந்த ஹெட்ஃபோனுக்கு நான் செய்த மாற்றங்களில் தலைசிறந்தது ஹெட்ஃபோனைத் தொடாமல் செய்தது என்பதை அந்த நாற்காலிச் சத்தத்தில்தான் உணர்ந்தேன். ஆனாலும் மே மாதத்தில் முதல் நம்பர் போதாது. நாலில் வைத்தால் காற்று நேராக வலையில் மோதி, கடற்கரையில் உட்கார்ந்து கேட்பது போல ஆகிவிடுகிறது. நாற்காலியை மூலைக்கு நகர்த்திப் பார்த்தாயிற்று. இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

பேட் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்வெட் போன்ற துணி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு மாலையில் மாட்டினால், சீயக்காய் எவ்வளவு போட்டிருந்தாலும் துணி கொஞ்சம் எண்ணெய் குடித்துவிடும். வியர்வை சேரும்போது உள்ளே ஸ்பாஞ்சு அமுங்கும். அமுங்கினால் காது டிரைவருக்கு நெருங்கும், ஒலியே மாறும்: குரல் முகத்தில் இடிப்பது போல வரும், சுற்றியிருந்த இடைவெளி காணாமல் போகும். இது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் தெரியவே தெரியாது. முதல் மூன்று வருஷம் நான் பியூட்டைலும் கேபிளுமாக அலைந்தபோது, குறை பேடில்தான் இருந்தது. ஒருமுறை மலிவாக வேறொரு பேட் வாங்கி ஏமாந்தேன். மாடலுக்குப் பொருந்தும் என்றுதான் போட்டிருந்தது, ஸ்பாஞ்சு கட்டை போல இருந்தது, திருப்பி வாங்கவும் மறுத்துவிட்டார்கள். அசல் பேட் ஆயிரக்கணக்கில் ஆகும், இருந்தாலும் அதையே வாங்குங்கள். மாதம் ஒருமுறை கழற்றி, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு விட்டு அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துகிறேன். இன்னும் ஒரு வருஷம் கூடுதலாக வருகிறது.

ஒலி வெளியே கசிவதைக் குறையாகச் சொல்வார்கள். என் வீட்டில் அப்படி இல்லை. ஞாயிறு காலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருப்பார். நான் ஆலாபனை கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில், "தோடியாடா?" என்பார். ஹெட்ஃபோனில் இருந்து கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் அவருக்குக் கேட்கும், அதில் ராகம் பிடித்துவிடுவார். கழற்றி அவர் தலையில் வைப்பேன், ஐந்து நிமிஷம் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். மூடிய ஹெட்ஃபோனாக இருந்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை.

அதனால் நண்பனுக்கு என்ன சொல்வது? 2003-இல் வந்த வடிவமைப்பு, குரலுக்கும் வயலினுக்கும் இதைவிட இயல்பாக ஒன்றை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு பாகமும் கையாலேயே கழன்று வரும், தனியாக வாங்கி மாட்டலாம். ஏழு வருஷத்தில் நான் செய்த முட்டாள்தனம் அத்தனையையும் திருப்பி எடுக்க முடிந்தது. இவ்வளவையும் எழுதிவிட்டு, நேற்று இரவு அவனுக்கு வேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன். அவன் இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு, மே மாதம் ஃபேன் ஐந்தில் இல்லாமல் அங்கே மூச்சு விட முடியாது. அந்தக் காசில் நல்ல மூடிய ஹெட்ஃபோன் வாங்கினால் தினமும் கேட்பான். மார்கழி வந்ததும் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்போது ஃபேன் ஓடாது. புது பேட் போட்டு வைத்திருப்பேன்.