திருகோணமலையில் மலிவாக '2 டிபி எஸ்எஸ்டி' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நகருக்குள் போன் சாமான் விற்கும் ஒரு கடையில் 2 டிபி (டெராபைட்) போர்ட்டபிள் எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் ஃபைல்களைச் சேமிக்கும் வெளி டிரைவ் ஒன்றை 14,500 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டாயிரம் ரூபா என்றிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். இந்தப் போலி டிரைவ் விற்பவர்கள் கெட்டிக்காரர்கள், நம்பக்கூடிய விலையாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். செருகியதும் லேப்டொப் 1.81 டிபி என்று காட்டியது.

இந்த எண்ணில் பிழையில்லை. ஒரு டிபிக்கு ஒரு லட்சம் கோடி பைட் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. விண்டோஸ் 1024ஆல் வகுத்துக்கொண்டு போவதால், அதே 1 டிபி அங்கே 931 ஜிபியாகவும் 2 டிபி 1.81 டிபியாகவும் தெரியும். நல்ல டிரைவிலும் இப்படித்தான்.

கலியாண வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுப்பது என் தொழில். லேப்டொப் நிறைந்துவிட்டதால் 300 ஜிபி அளவு பழைய வேலைகளை இதற்கு மாற்றினேன். செக்கனுக்கு 20 எம்பியைத் தாண்டவே இல்லை. யூஎஸ்பி 3 வழியாக வரும் உண்மையான எஸ்எஸ்டி பெரிய ஃபைல்களுக்குச் செக்கனுக்கு 400 எம்பி வரைக்கும் போகும். அப்புறம் பத்திரகாளி அம்மன் கோயில் வேலை ஒன்றைத் திறந்தால், பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, வீடியோ ஓடவில்லை. படங்களில் சில, மேல் பாதி முகமும் கீழ்ப் பாதி சாம்பல் நிறமுமாக நின்றன. முதலில் மாற்றிய கொஞ்சம் மட்டும் பழுதில்லாமல் திறந்தது.

கடைக்குக் கொண்டுபோனேன். "அண்ணா, 2 டிபி எண்டாலும் விண்டோஸ் குறைச்சுத்தான் காட்டும். மிச்சத்துக்குள்ள விழுந்த ஃபைல்தான் பழுதாகியிருக்கும்" என்றார் அங்கிருந்த தம்பி. நான் போட்டதே 300 ஜிபி, அதில் மிச்சம் எங்கிருந்து வரும்? உண்மையான ஒரு கணக்கை எடுத்துப் பொய்க்கு முட்டுக் கொடுத்ததுதான் எனக்கு ஆத்திரம். அடுத்து, என் லேப்டொப்பில் வைரஸ் என்றார். போர்மட் பண்ணிப் பாருங்கள் என்றார்.

வீட்டில் மூடியை நெம்பித் திறந்தேன். விரல் நீளத்தில் ஒரு சின்ன போர்ட், அதில் பசை போட்டு ஒட்டிய 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட். மற்ற இடமெல்லாம் வெறுமை. ஹார்ட் டிஸ்க் என்றால் உள்ளே தட்டுச் சுழல்வது கைக்குத் தெரியும், எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. அந்த அமைதி இவர்களுக்கு நல்ல வசதி.

ஒரு டிரைவில் எவ்வளவு இடம் என்று கணினி அளந்து பார்ப்பதில்லை. டிரைவை இயக்கும் கண்ட்ரோலர் சிப்பைக் கேட்கிறது, அது சொன்னதை அப்படியே காட்டுகிறது. அந்த சிப்புக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றி 64ஐ 2000 என்று சொல்ல வைத்துவிட்டால் முடிந்தது. நிறைந்த பிறகு வருவதைச் சில டிரைவ்கள் சத்தமில்லாமல் எறிந்துவிடும், சில பழையதின் மேலேயே எழுதும். ஃபைல் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் தொடக்கப் பகுதியில் பதிவதால் அது மட்டும் தப்பும். கணக்குக் கொப்பியில் நூறு மூட்டை நெல், களஞ்சியத்தில் மூன்று மூட்டை!

வாங்கினால், உங்கள் ஃபைல் எதையும் போடுவதற்கு முன் சோதியுங்கள். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸுக்கும் மக்குக்கும் எஃப்3 (F3), இரண்டும் இலவச மென்பொருள். வெறும் டிரைவில் எழுதி, திரும்ப வாசித்து, எவ்வளவு உண்மையில் பதிந்தது என்று சொல்லும். செக்கனுக்கு 20 எம்பி என்ற வேகத்தில் 2 டிபி முழுவதையும் நிரப்பவே 28 மணித்தியாலம் பிடிக்கும். பாதியில் நிறுத்தினால், அதுவரை சரியாகப் பதிந்து அதற்கு மேல் பொய் சொல்லும் டிரைவ் தப்பிவிடும் என்பதால், முழுவதையும் ஓடவிடுவதே நல்லது. போர்மட் பண்ணுவதால் இல்லாத இடம் வரப்போவதில்லை.

இன்னொரு இடத்தில் 'டேட்டா ரிக்கவரி' செய்து தருவதாக முற்பணம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அழிந்த ஃபைலை மீட்கச் சில வேளை வழியுண்டு, பதியாமலே போனதை எங்கிருந்து மீட்பது?

பில்லில் 'யூஎஸ்பி டிவைஸ்' என்று மட்டும் எழுதித் தந்தார்கள். கொள்ளளவையும் வாரண்டியையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வாங்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் பில்லின் பிரதியும், திறந்த டிரைவின் படமும், சோதனை முடிவும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு கடைக்காரர் போன் எடுத்து, பாதிக் காசு தருவதாகச் சொல்கிறார். முழுக் காசையும் தரச் சொல்லியிருக்கிறேன்.