புதுப் போனை விடுங்கள், அதன் அண்ணனை விசாரியுங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருக்கும் பழுதுபார்ப்பவர் என் போனைச் சூடான தட்டில் கவிழ்த்து வைத்தார். பசை இளகியதும் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்துப் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பேட்டரி, எண்ணெயில் இட்ட பூரிபோல உப்பியிருந்தது. "பைக்கில் மாட்டிக்கொண்டு வழி பார்த்தே ஓட்டுவீர்களா, சார்?" என்றார். ஆமாம், மூன்று கோடை அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். மேசைக்கடியில் மணல் நிரப்பிய தகர டின் ஒன்றைக் காட்டினார். அதில் இப்படி உப்பிய பேட்டரிகள் ஏழெட்டு கிடந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறுவனத்துடையது. ஆகவே என் பழைய போனின் பெயர் இங்கே வேண்டாம்.

புதுப் போன் வாங்குவதென்று முடிவாகி, அன்றிலிருந்து பத்து நாள், கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரித்தேன். போன வாரம் போன் வாங்கியவரைக் கேட்பது வீண் என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. கல்யாணமான மறுநாளே மாப்பிள்ளை எப்படி என்று கேட்பது மாதிரி அது. கேமரா அருமை, வேகம் அருமை, எல்லாமே அருமை. கடையில் புதிதாக வந்திருக்கும் மாடலை மூன்று வருடம் வைத்திருந்தவர் எங்கும் கிடைக்கவும் மாட்டார். எனவே அந்த மாடலின் அண்ணனை, அதாவது அதே வகையில் முன்பே வந்த போனை, வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: கடைசியாக இந்தப் போனுக்கு எதற்காகச் செலவு செய்தீர்கள்?

என் முன் இருந்தவை சாம்சங் கேலக்ஸி ஏ26, விவோ டி4, ஐபோன் 16இ. மூன்றும் 2025இல் வந்தவை. முதல் இரண்டின் தொடக்க விலையும் வெளியானபோது 25,000 ரூபாய்க்குள் இருந்தது. மூன்றாவது 59,900. ஒரே தராசில் வைக்கக் கூடாதவைதான். ஆனால் வீட்டில் அத்தான் இருக்கும்வரை ஐபோன் பட்டியலில் இருந்தே தீரும்.

அத்தானிடம் இருப்பது ஐபோன் 11, 2020 தீபாவளிக்கு வாங்கியது. அந்த மாடல் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகத் தொடங்கிய வருடமும் அதுதான். 2025இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26 அதிலும் ஏறியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டின் அண்ணன்களும் பக்கத்தில் நிற்க முடியாது. செலவைக் கேட்டேன். பேட்டரி ஒருமுறை, டிஸ்ப்ளே ஒருமுறை. டிஸ்ப்ளேக்கு ஆன தொகையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், அக்கா காதில் விழக் கூடாதாம். வெளியில் மலிவாக மாற்றலாமே என்றால், அசல் உதிரிபாகம் அல்ல என்று போனே அமைப்புகள் பக்கத்தில் எழுதிக் காட்டிவிடும். இன்னொன்றும் உண்டு. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்துங்கள் என்பது ஆப்பிளின் அறிவுரை. மே மாதத்துச் சென்னையில் அப்படிப்பட்ட இடம் ஏசி அறைக்கு வெளியே எங்கே இருக்கிறது?

விவோ டி4 என்றால் முதலில் பேட்டரிதான். 7300 எம்ஏஎச், கூடவே பெட்டிக்குள் 90 வாட் சார்ஜர். மற்ற இரண்டின் பெட்டியிலும் சார்ஜரே கிடையாது. பெரிய பேட்டரியின் அருமையை எனக்குச் சொன்னவர் வேளச்சேரி ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாத தெருவில் கடைசிவரை உயிரோடு இருந்தது அவர் போன் மட்டும்தான். அக்கம்பக்கத்தார் வரிசையில் நின்று அதிலிருந்து ஊருக்குப் பேசினார்களாம். அவருடையது வேறு நிறுவனத்துப் போன், ஆனால் இதேபோலப் பெரிய பேட்டரி வகை. இரண்டு வருடத்தில் என்ன ஆயிற்று என்றேன். பேட்டரி இன்னும் நிற்கிறது, ஆனால் சவாரி வந்ததைத் திரையில் காட்டுவதற்குள் அந்தச் சவாரி வேறு வண்டிக்குப் போய்விடுகிறது என்றார்.

டி4இல் என்னைத் தயங்க வைத்தது அதன் வளைந்த திரை. பார்க்க அழகு. ஆனால் வளைந்த திரைக்குச் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டாது. ரிச்சி தெருவில் ஒருவர் ஒட்டுவதை நின்று பார்த்தேன். திரை நடுவில் பசையை ஊற்றி, மேலே கண்ணாடியைப் படுக்க வைத்து, நீல விளக்கில் காய வைக்கிறார்கள். காய்வதற்குள் பசை ஓரத்தில் வழிகிறது. பேச்சு கேட்கும் துளைக்குள் அது இறங்காமல் இருக்க, கடைப்பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப் ஒட்டினான். மாதம் ஒருமுறை போனைக் கீழே போடும் ஆள் நான். எனக்கு இது சரிப்படாது.

ஏ26இன் அண்ணனாக நான் எடுத்துக்கொண்டது 2021இல் வந்த ஏ52. அலுவலக நண்பரிடம் இருக்கிறது. இரண்டுமே ஐபி67, அதாவது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனையில் தேறியவை. நண்பரின் போன் மழையில் பலமுறை நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் தண்ணீர் புகுந்தால் பொதுவாக வாரண்டி கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம். மெமரி கார்டு போட ஏ26இல் மட்டும்தான் இடம் இருக்கிறது. காலை வணக்கப் படங்களை அழிக்க மனம் வராத அம்மாக்கள் உள்ள வீட்டில் இது பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. ஆறு வருடம் மென்பொருள் புதுப்பிப்பு தருவோம் என்கிறது சாம்சங். ஆனால் உள்ளே போனை இயக்குவது 2023இல் ஏ54இல் வந்த அதே எக்சினோஸ் 1380 சில்லு (சிப்). பட்டா கையில் இருக்கிறது, நிலத்துக்குப் போக வழி இருக்குமா என்பது நான்காவது வருடத்தில்தான் தெரியும். விவோ சொல்லும் காலம் இதைவிடக் குறைவு, சில்லு மட்டும் புதிது.

பச்சைக் கோடு பற்றியும் கேட்டுவிடுங்கள். பெரியம்மாவின் போனில் ஒருநாள் காலை, மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போலப் பச்சையாக ஒரு கோடு. போன் கீழே விழவும் இல்லை, நனையவும் இல்லை. வாரண்டி முடிந்திருந்ததால் சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. 2024இல் ஒன்பிளஸ், இந்தியாவில் இந்தக் கோட்டுக்கு ஆயுட்கால இலவச உத்தரவாதம் அறிவித்தது. சாம்சங்கும் எஸ்20, எஸ்21 போன்ற சில பழைய மாடல்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. மூன்றாம் வருடத்தில் கோளாறு வந்தால் நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மெகாபிக்சலுக்கு முன்னால் விசாரிப்பவன் நான்.

ஆட்டோக்காரர் என்னைக் கேட்டால் டி4 என்பேன், சில்லு வேகமாக இருந்தால்தான் அவருக்குச் சவாரி. ஆறு வருடம் கடைப்பக்கமே போகமாட்டேன் என்பவர், பணமும் இருந்தால், அத்தான் வழியில் போகலாம். நான் ஏ26 வாங்கினேன். *#06# அழுத்தி வந்த போனின் அடையாள எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சார்ஜரைத் தனியாக வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பைக்கிலிருந்த போன் தாங்கியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். வழி தெரியாவிட்டால் இப்போது டீக்கடையில் நிறுத்திக் கேட்கிறேன்.