எக்ஸ்எஃப்எஸ்ஸோடு ஐந்து வருட முகூர்த்தம்

குடியாத்தத்தில் கல்யாண வீடியோ வேலை எனக்கு. நான்கு கேமராக்களையும் மண்டபத்திலேயே ஒரு லினக்ஸ் பெட்டியில் பதிவு செய்துவிடுவேன். அந்த டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம், 2020-லிருந்து எக்ஸ்எஃப்எஸ்தான்.

அதற்கு முன் எக்ஸ்ட்4. ஒரு முகூர்த்தத்தில் கெட்டிமேளத்துக்குச் சற்று முன் பெண்ணின் தம்பி வந்து, "அண்ணா, நிச்சயதார்த்த வீடியோவ பென்டிரைவ்ல போட்டுக் குடுங்களேன்" என்றார். போட்டேன். தாலி கட்டும் இடத்தில் மூன்றாவது கேமராவில் ஃப்ரேம்களைக் காணோம். அந்தக் கோபத்தில்தான் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மாறினேன். அடுத்த மாதமே அதே கோளாறு!

டிஸ்க்குக்கு வேகம் போதவில்லையா என்றால், அதுவும் இல்லை. கேமராவுக்கு 50 மெகாபிட், நான்குக்கும் சேர்த்து விநாடிக்கு 25 எம்பிதான். வரிசையாக எழுதினால் நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க்குக்கு அது ஒன்றுமே இல்லை. வாசித்து எழுதும் தலை அங்குமிங்கும் தாவினால்தான் சிக்கல்: தட்டு சுற்றி வரக் காத்திருப்பதே சராசரியாக 4 மில்லி விநாடி, தலை நகரும் நேரம் தனி.

உண்மையான குற்றவாளி ஷெட்யூலர், அதாவது டிஸ்க்கில் எந்த வேலை முதலில் என்று லினக்ஸில் முடிவு செய்யும் பகுதி. பென்டிரைவுக்கு நகலெடுப்பது டிஸ்க்குக்கு வாசிப்பு, கேமரா பதிவு எழுதுவது. என் பெட்டியில் இருந்த எம்க்யூ-டெட்லைன் என்ற ஷெட்யூலரில் வாசிப்புக்குக் கெடு அரை விநாடி, எழுதுவதற்கு 5 விநாடி. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் முன்வாசலில் ஏறுகிறவர்களுக்கே இடம் கொடுத்து, பின்வாசல் கூட்டத்தை நிற்க வைப்பது மாதிரி. சாதாரண கம்ப்யூட்டருக்கு அது நியாயம். எழுதுவதே பிழைப்பான எனக்கு ஆகாது. போதாததற்கு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 30 விநாடி வரை எழுத வேண்டியதை மெமரியில் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொட்டும். என் கணக்கில் ஒரு தடவைக்கு 750 எம்பி. எழுதும் கெடுவைக் குறைத்தேன். மெமரியில் 64 எம்பி சேர்ந்ததுமே எழுதத் தொடங்கச் சொன்னேன். அதன்பின் ஃப்ரேம் போனதில்லை. எக்ஸ்ட்4 மேல் பழி போட்டது என் தப்பு.

அப்படியானால் எக்ஸ்எஃப்எஸ் எதற்கு? ஃபோல்டருக்கு எக்ஸ்டென்ட் அளவை, அதாவது ஒரே தடவையில் எவ்வளவு பெரிய துண்டாக இடம் பிடிக்க வேண்டும் என்பதை, சொல்லிவிட்டால், நான்கு ஃபைல்களும் ஒன்றுக்குள் ஒன்று சிதறாமல் பெரிய துண்டுகளாக இடம் பிடிக்கும். எடிட்டிங்கில் நான்கையும் சேர்த்து ஓட்டும்போது அந்த வித்தியாசம் தெரிகிறது. 1994-ல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி தன் ஐரிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எக்ஸ்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தபோது, இத்தனை எம்பி நிச்சயம் என்று வேகத்துக்கே உத்தரவாதம் கேட்டு வாங்கும் வசதியும் உண்டு. லினக்ஸுக்கு அது வரவில்லை. அந்தப் பழைய பெருமையைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

குறை என்றால், பார்ட்டிஷனை நடைமுறையில் சுருக்க முடியாது. நான் மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்துத் திரும்பப் போட்டேன். அப்புறம் கரண்ட். ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் பெட்டி அணைந்தால் எம்பி4 ஃபைல் திறக்காது. அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். எந்த ஃபைல் சிஸ்டமும் இதற்கு உதவாது. பாதியில் நின்றாலும் அதுவரை பதிவானது ஓடும் எம்கேவி வடிவத்தில் பதிவு செய்கிறேன், யூபிஎஸ்ஸும் வைத்திருக்கிறேன்.

பென்டிரைவோடு இப்போதும் யாராவது வருகிறார்கள். செட்டிங் எல்லாம் சரியாக இருந்தாலும், "முதல்ல சாப்ட்டு வாங்க தம்பி" என்றுதான் சொல்கிறேன்.