மெஷின் மேல குத்தமில்லைங்க

ஏழு முட்டை வேகற கரண்டு பாய்லர் ஒண்ணை ஆன்லைன்ல வாங்கி ரெண்டு மாசம் ஆச்சுங்க. வந்த மூணாம் நாளே திருப்பி அனுப்பறதுக்கு அட்டைப்பெட்டியைத் தேடிட்டிருந்தேன்.

நமக்குப் பெருந்துறைப் பக்கம். நாமக்கல்லுல கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போற தம்பி, காலைல இட்டதுன்னு ஒரு அட்டை, 30 முட்டை, கொண்டாந்து குடுத்தான். அன்னைக்கு வீட்டுக்கு ஒறம்பரை வேற வந்திருந்தாங்க. பெருமையா ஏழை அடுக்கி மூடுனேன். வெந்துச்சு, தண்ணி வத்துனதும் தானா நின்னுச்சு. உரிச்சா, ஓட்டோட வெள்ளைக்கருவும் பிஞ்சு பிஞ்சு வருது! ஏழும் அம்மை வார்த்த மூஞ்சியாட்டம் ஆயிருச்சு. எல்லாத்தையும் கொத்தி வெங்காயத்துல போட்டு வதக்கி மானத்தைக் காப்பாத்துனேன்.

எங்கத்தை எட்டிப் பாத்துட்டு, "அன்னைக்கு இட்டதை அவிச்சா ஓடு உரியுமா அம்மிணி? ஒரு வாரம் கெடக்கட்டும்"னாங்க. நம்பிக்கையே இல்லாம எட்டு நாள் கழிச்சு அதே அட்டையில இருந்து எடுத்து, அதே தண்ணியளவுல வெச்சேன். ஓடு சட்டை கழட்டறாப்ல கழண்டுச்சு.

புது முட்டை வெள்ளைக்கருவுல கரியமில வாயு கரைஞ்சிருக்குமாம். ஓட்டுல இருக்கற பொடித் துளை வழியா அது போகப்போக வெள்ளைக்கரு காரத்தன்மைக்கு மாறி, உள்தோலோட ஒட்டறது கொறையுது. ஈரமும் அதே வழியில போயி, உள்ள காத்து சேருது. அதான் போசித் தண்ணில போட்டா புதுசு அடியில படுத்துக்குது, நாள்பட்டது அகலமான முனையைத் தூக்குது, ரொம்பப் பழசு மெதக்குது. மெதந்தா கெட்டதுன்னே முடிவு கட்ட வேண்டாம், தனிக் கிண்ணத்துல ஒடைச்சா மூக்கு சொல்லிரும். சந்தையில நாட்டுமுட்டைன்னு, நேத்து இட்டதுன்னு சத்தியம் பண்ணி ஒருத்தர் குடுத்த பத்துல மூணு மெதந்துச்சுங்க. என்னத்தைச் சொல்ல.

மெஷினுக்கு வர்றேன். முட்டை எச்சானா தண்ணி கம்மியா ஊத்தச் சொல்றாங்க. தப்பா அச்சடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். அப்படியில்ல, பச்ச முட்டை நெறைய இருந்தா ஆவி அதுமேல பட்டு தண்ணியாகி, அடியில சூடாகற தட்டுக்கே திரும்பி வழியுது. வத்த நேரமாகுது. நாட்டுமுட்டை சிறுசு, அதே அளவு ஊத்துனா எச்சா வெந்து மஞ்சக்கருவைச் சுத்திப் பச்சை வளையம் விழுது. அது கெட்ட முட்டை இல்லீங்க, வெள்ளைக்கருவுல இருக்கற கந்தகமும் மஞ்சக்கருவுல இருக்கற இரும்பும் சேர்ற வேலை. வெந்ததும் பச்சத்தண்ணில போட்டா அவ்வளவா வராது.

எங்க போர்த்தண்ணி உப்பு. ரெண்டே வாரத்துல சூடாகற தட்டு சுண்ணாம்பு பூசுனாப்ல ஆயிருச்சு, வினிகர் ஊத்தித் தேய்க்கோணும். மூடி ஓட்டையில வர்ற ஆவி வெரலைப் பதம் பாக்கும். அளவு கப்போட அடியில ஒரு ஊசி இருக்குது, அகலமான முனையில குத்திட்டா உள்ள இருக்கற காத்து வெளிய போயி ஓடு வெடிக்காது. நல்ல யோசனை. ஆனா அதே கப்புல அச்சடிச்ச கோடு ஒரு மாசத்துல கழுவிப் போச்சு, இப்ப என் நகப்பாலீஷ்ல கோடு போட்டு வெச்சிருக்கேன்.

நாலு ஸ்டார். அஞ்சாவது அந்தக் கப்போட போச்சு.