பார்டர் சுகர்காரரை நடக்க வைக்க எது நல்லது: வாட்ச்சா, ஜிம்மா, கூட வர ஒரு ஆளா?

என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.1 சதவீதம் வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, எல்லோரும் சொல்கிற பார்டர் சுகர். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். காலையில் ஜவுளிக்கடையைத் திறந்து ராத்திரி மூடிவிட்டு வருகிற மனிதரை யார் நடக்க வைப்பது? ஸ்மார்ட் வாட்ச், ஜிம், கூட நடக்க ஒரு ஆள் என்று மூன்று யோசனைகள் வீட்டில் ஓடின. நாங்கள் எடுத்தது மூன்றாவது, அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

செலவில் பெரிய யோசனை இல்லை: வாட்ச் ஒருமுறைச் செலவு, ஜிம்முக்கு வருடா வருடம், ஆளுக்கு ஒரு டீ.

வாட்ச்சை வாங்குவதற்கு முன்னால் என் தம்பியினுடையதைக் கட்டிப் பார்த்தார். கடைக்குள் ரேக்குக்கும் கல்லாவுக்கும் நடந்த நடையையே அது எண்ணி எண்ணிக் காட்ட, மனுஷனுக்கு ஒரே திருப்தி, தனியாக எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். டாக்டர் சொன்னதோ மூச்சு கொஞ்சம் வாங்குகிற நடை, பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அப்புறம் அந்த பத்தாயிரம் காலடிக் கணக்கு 1960-களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்கப் பிடித்த எண், மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவு செய்தது இல்லை. கணக்குப் பார்ப்பதில் ருசி உள்ளவர்களுக்கு வாட்ச் நன்றாக வேலை செய்யும், அதை மறுக்கவில்லை.

ஜிம்மைப் பற்றி நான் சொல்வது என் தங்கை போய் வந்ததைப் பார்த்த அளவுதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்வது தசைதான், இந்த இரண்டாவது பாதி ஜிம்மில் தானாக நடந்துவிடும், நடையில் நடக்காது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சியை வைத்து ஒப்பேற்றுகிறோம்.

சரி, எங்களுக்கு முடிவைத் தீர்த்துக் கொடுத்தது வேறு விஷயம். எதையும் ஆரம்பிப்பது யாருக்கும் கஷ்டமில்லை, நடுவில் விட்டுப்போனால் திரும்ப யார் இழுத்துக்கொண்டு வருவது என்பதுதான் கேள்வி. விடாமல் இருக்க முடியாது. ஐப்பசி மழை வரும், தீபாவளி வியாபாரத்தில் ஒரு மாதம் வீட்டில் தூங்குவதே பெரிது, ஒரு காய்ச்சல், இரண்டு கல்யாணம். அந்த இடைவெளிக்குப் பிறகு வாட்ச் கையில் ஒரு முறை அதிரும், கழற்றி வைத்தால் முடிந்தது. ஜிம்காரர்களுக்கு வருடப் பணம் கைக்கு வந்துவிட்டது, போகாதவரைத் தேடிக் கூப்பிட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் அப்படியில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு "ஏனுங்க, இன்னைக்காச்சும் வர்றீங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். அதற்குப் பயந்தே இவர் செருப்பை மாட்டுகிறார். நான் மாதக்கணக்கில் சொன்னதற்கு அசையாதவர்! பெண்டாட்டி சொன்னால் நச்சரிப்பு, வெளி ஆள் கூப்பிட்டால் மரியாதை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டர் நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நடை, உணவுக் கட்டுப்பாடு என்று திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 26.4. அதே குழு 2013-ல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம்: வேலைக்குப் போகிற 537 ஆண்களில் பாதிப் பேருக்குச் செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள், இரண்டு வருடத்தில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. வெறும் மெசேஜுக்கே இவ்வளவு என்றால், வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு எவ்வளவு என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன், அதை யாரும் அளந்து சொல்லவில்லை.

கூட்டாளி முறையில் தொல்லைகள் உண்டு. அரசியல் பேச ஆரம்பித்தால் நடை ஊர்வலம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போனால், ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர் முடித்துவிட்டு நேராக பேக்கரி, டீயும் பன்னும். கோயம்புத்தூரில் பேக்கரி இல்லாத திசை எது? சர்க்கரை போடாத டீ, பன் கிடையாது என்று வாத்தியாரிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மகள் வீட்டுக்குப் போனால் எல்லாம் நிற்கும், அதனால் தெருமுனை மருந்துக்கடைக்காரரையும் சேர்த்து மூன்று பேராக்கினோம்.

இப்போது எச்பிஏ1சி 5.8. நடையால் எவ்வளவு, ராத்திரிச் சோற்றைக் குறைத்ததால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. முட்டிவலிக்காரர்களும் நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல் இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கம்பக்கத்தில் கூட வர ஆளே இல்லை என்றால் வாட்ச்சை விட ஜிம்முக்குத்தான் என் ஓட்டு, அதுவும் வருடக் கட்டணம் கட்டாமல் மாதாமாதம் கட்டிப் போகிற இடமாக.