லைட்ஹவுஸ் மார்க்கா, பயனர் தரவா?

இணையப் பக்கம் வேகமாக இயங்குகிறதா என்று சோதிக்கும் கூகுளின் கருவி லைட்ஹவுஸ். அது ஒரு பக்கத்தைப் பாவனை ஃபோனில் ஒருமுறை திறந்து 100-க்கு மார்க் போடும். கனத்த படம், தேவையற்ற ஸ்கிரிப்ட் என்று குற்றவாளியைக் கையோடு பிடித்துத் தரும். ஆனால் தேடல் தரவரிசைக்குக் கூகுள் அந்த மார்க்கைப் பார்ப்பதில்லை.

பார்ப்பது கோர் வெப் வைட்டல்ஸ்: நிஜமான குரோம் பயனர்களின் 28 நாள் அனுபவம். 75% வருகைகளிலாவது முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரியவேண்டும். தட்டினால் 200 மில்லிநொடிக்குள் அசைவு வேண்டும். பொத்தானைத் தொடப்போகும் நேரம் பார்த்து மேலே விளம்பரம் நுழைந்து அதைக் கீழே தள்ளுமே, அந்த எரிச்சலுக்கும் வரம்பு உண்டு: நொடியில் அல்ல, நகர்வை அளக்கும் மதிப்பெண்ணில் 0.1. ஸ்க்ரோலே செய்யாத லைட்ஹவுஸ் கண்ணில் இது பல நேரம் படாது.

நான் இந்தப் பயனர் தரவைத் தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் நோயைப் பார்த்துவிட்டு, லைட்ஹவுஸில் காரணம் தேடுவேன். கூட்டம் வராத புதுத் தளத்துக்குப் பயனர் தரவே இருக்காது. அங்கே லைட்ஹவுஸ்தான் கதி.