கட்டில் ஆறரை அடி, வந்த மெத்தை ஆறேகால்: ‘கிங் சைஸ்’ என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று

மெத்தை வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். தள்ளுபடி போர்டு தொங்கும் நாட்களில் ஒரே ஏமாற்று திரும்பத் திரும்ப நடக்கிறது. மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் புது வீட்டுக்குப் போகிறவர்களும் கல்யாணச் சீர் வாங்குகிறவர்களும்தான்.

நடப்பது இப்படி. ஒரு குடும்பம் ஆசாரியிடம் சொல்லி 6 அடி அகலம், 6½ அடி நீளத்துக்குத் தேக்குக் கட்டில் செய்துவிட்டு மெத்தைக் கடைக்குப் போகிறது. ‘கிங் சைஸ், 8 இன்ச், இரண்டு தலையணை இலவசம், பழைய மெத்தைக்கு எக்ஸ்சேஞ்ச்’ என்கிறார்கள். பில்லில் ‘கிங் மெத்தை – 1’ என்று ஒரே வரி. சாயங்காலம் டெலிவரி ஆட்கள் வந்ததும் முதல் வேலையாகப் பழைய மெத்தையைக் கீழே இறக்கி வண்டியில் கட்டிவிடுகிறார்கள். பிறகுதான் புதியதை விரிக்கிறார்கள். கால்மாட்டில் ஒரு கை தாராளமாக நுழையும் இடைவெளி. டேப் வைத்தால் நீளம் 75 இன்ச், அகலம் 70, உயரம் 7. கடைக்குப் போன் போட்டால், “அதுதான் சார் கிங் சைஸ், உங்க கட்டில்தான் அளவு மாறியிருக்கு. வேணும்னா கால்மாட்டுக்கு ஒரு ஃபோம் பட்டி தர்றோம், அதுக்குத் தனிக் காசு.”

கணக்கைப் பாருங்கள். 78 × 72 × 8 என்றால் 44,928 கன இன்ச். வந்திருக்கும் 75 × 70 × 7 என்பது 36,750. கொடுத்த பணத்தில் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய்க்கு மெத்தையே வரவில்லை. கண்ணுக்குத் தெரிவது மூன்று இன்ச் இடைவெளி மட்டும்தான், அகலமும் உயரமும் குறைந்ததை யாரும் அளப்பதில்லை.

அந்த ஃபோம் பட்டியை வாங்காதீர்கள். மூன்று இன்ச் அகலப் பட்டி எதிலும் பிடிப்பு இல்லாமல் நிற்கும். ராத்திரி காலால் உந்த உந்த மெத்தை நகர்ந்து பட்டி சாயும். சில நாட்களில் பெட்ஷீட் அந்தச் சந்துக்குள் போய்க் கசங்கத் தொடங்கும். அதைவிட முக்கியம், பட்டியை வாங்கிக்கொண்டால் குறையை ஒப்புக்கொண்டு சமாதானமானதாகக் கடைக்காரர் பேசுவார்.

இந்த ஏமாற்று நடக்கக் காரணம், கிங், குயின் என்பவை பெயர்கள்தான், அளவுகள் அல்ல. நம் ஊர்க் கடைகளில் கிங் என்ற பெயரிலேயே 72 × 72, 75 × 72, 78 × 72 மூன்றும் விற்கின்றன. இவை போக 70 இன்ச் அகலத்தில் ஒரு வரிசை உண்டு. வெளி அளவு 6 அடி இருக்கும் கட்டிலில் இரண்டு பக்கச் சட்டமும் ஒவ்வொரு இன்ச் எடுத்துக்கொண்டால் உள்ளே 70 தான் மிஞ்சும், அதற்கான மெத்தை அது. தேவைப்படுகிறவருக்கு நியாயமான சரக்கு. 72 கேட்டவர் தலையில் அதைக் கட்டுவதுதான் மோசடி. குயினிலும் இதே கதை: அகலம் 60, நீளம் மட்டும் 72, 75, 78 என்று மாறும். ‘ஆறேகால்’ 75 இன்ச், ‘ஆறரை’ 78 இன்ச். கடையில் வேகமாகப் பேசும்போது இந்த இரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று குழம்பிவிடும், அதனால் அடிக் கணக்கில் பேசவே பேசாதீர்கள். இன்ச்சில் சொல்லி இன்ச்சில் எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த கட்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலேசியாவில் கிங் என்றால் 183 × 190 சென்டிமீட்டர், அதாவது நம் 72 × 75. அமெரிக்காவில் 76 × 80 இன்ச். இங்கிலாந்தில் கிங் என்பது 150 × 200 சென்டிமீட்டர்தான், நம் கணக்கில் அது குயின். அங்கே 180 × 200 அளவை சூப்பர் கிங் என்பார்கள். அந்த 180-ஐ இன்ச்சாக்கினால் 71-க்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் 72 இன்ச் மெத்தையை அழுத்தி உட்கார வைத்தால் நடுவில் கூன் போட்டு எழும்பும், ஓரத் தையல் ஒரே பக்கமாக இழுபட்டுச் சீக்கிரம் பிரியும்.

கட்டிலை அளக்கும்போது பக்கச் சட்டத்தின் வெளி விளிம்பை அளக்கக் கூடாது. மெத்தை உட்காரும் உள் அளவுதான் வேண்டும். ஸ்டீல் டேப் வைத்துத் தலைமாடு, நடு, கால்மாடு என மூன்று இடத்தில் அகலம் எடுங்கள். துணி டேப் இழுத்தால் நீளும். நீளத்தை இரண்டு ஓரத்திலும் எடுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. 72 × 78 கட்டிலில் அது 106 இன்ச்சை ஒட்டி வரும், 72 × 75-ல் 104, 60 × 78-ல் 98½ இன்ச்சுக்கு அருகில். இரண்டு குறுக்களவுக்கும் அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கட்டில் கோணலாக இருக்கிறது. அதற்கு எந்த மெத்தையும் ஒரு மூலையில் இடிக்கும், இன்னொரு மூலையில் விலகும். முதலில் ஆசாரியைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள். மெத்தை கட்டிலின் உள் அளவைவிட அரை இன்ச் குறைவாக இருப்பது குறையல்ல, பெட்ஷீட் செருக விரல் நுழைய வேண்டுமே. ஒரு இன்ச்சுக்கு மேல் போனால் கேள்வி கேளுங்கள்.

ஆறடி அகலக் கட்டிலில் நடுச்சட்டமும் அதற்குத் தரையில் ஊன்றும் காலும் உண்டா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் பிளைவுட் நடுவில் தொய்யும், கூடவே மெத்தையும் குழியும். வாரண்டி கேட்டுப் போனால் ‘உங்கள் கட்டிலில் தாங்கல் சரியில்லை’ என்று எழுதி அனுப்புவார்கள், அதற்கு அவர்களின் வாரண்டி அட்டையிலேயே இடம் இருக்கும்.

அடுத்தது, கிங்கே வேண்டுமா என்பது. கடையில் குயின் விசாரிக்கப் போனவரையும் ‘கொஞ்சம் காசுதான் கூட’ என்று கிங்குக்கு ஏற்றிவிடுவார்கள். 60 × 78-ஐவிட 72 × 78 பரப்பில் சரியாக 20 சதவீதம் அதிகம், விலை வித்தியாசமும் அதையொட்டி இருந்தால் நியாயம். ஆனால் அறை இடம் கொடுக்கிறதா? பிளானில் 10 × 10 என்று எழுதிய அறை பூச்சு, ஓர டைல்ஸ் எல்லாம் போக உள்ளே 117 இன்ச் அளவில்தான் இருக்கும். 72 இன்ச் மெத்தை போடும் கட்டிலின் வெளி அகலம் 75, 76 ஆகிவிடும். ஒரு சுவரோரம் இரண்டடி ஆழ வார்ட்ரோப் இருந்தால் நடக்க மிஞ்சுவது 17 இன்ச். வார்ட்ரோபின் 20 இன்ச் கதவு அங்கே முழுதாகத் திறக்காது. அதே இடத்தில் குயின் போட்டால் 29 இன்ச் கிடைக்கும், கதவும் திறக்கும், ஆளும் நிற்கலாம். இழுப்பறை வைத்த கட்டிலென்றால் இழுப்பறை வெளியே வரவும் இடம் கணக்குப் போட வேண்டும். கடைக்குப் போகும் முன் அறையில் பழைய செய்தித்தாளைக் கட்டிலின் வெளி அளவுக்கு விரித்து ஒட்டி, அறைக் கதவையும் பீரோவையும் திறந்து மூடிப் பாருங்கள். நாம் பார்த்தவரை இந்த ஒரு சோதனையிலேயே பலர் குயினுக்கு மாறிவிடுகிறார்கள்.

இடம் இருந்தால் கிங் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. குயினில் இரண்டு பேர் படுத்தால் ஆளுக்கு 30 இன்ச்தான், தனிக் கட்டில் மெத்தையே 36 இன்ச் என்பதை நினைத்துப் பாருங்கள். கிங்கில் ஆளுக்கு 36 கிடைக்கும், நடுவில் குழந்தை படுத்தால் 24 ஆகும். கைக்குழந்தையோடு மூன்று பேர் படுக்கும் வீட்டுக்குக் குயின் போதாது. நீளத்துக்கு உயரமானவரின் உயரத்தோடு 6 இன்ச் கூட்டுங்கள். 5 அடி 9 இன்ச் ஆளுக்கு 75 சரியாக இருக்கும், அதற்கு மேல் உயரமென்றால் 78.

உயரத்தில் நடக்கும் ஏமாற்று அகலத்தைவிட மோசம். 8 இன்ச் என்று சொல்வதில் மேலும் கீழும் தைத்த குயில்டிங் துணியின் புடைப்பையும் சேர்த்துவிடுவார்கள். அளக்கும்போது மேல் மேட்டில் டேப்பை வைக்காமல், பக்கவாட்டுப் பட்டியின் மேல் தையலிலிருந்து கீழ்த் தையல் வரை அளந்து, அந்த எண்ணையும் எழுதி வாங்குங்கள். சுருட்டி காற்று உறிஞ்சி வரும் ஃபோம் மெத்தை முழு உயரத்துக்கு எழ ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை பொறுத்து அளப்பதுதான் நியாயம், ஆனால் பிரித்த நேரத்தையும் அளந்த நேரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

உள்ளே இருக்கும் ஃபோம் சொன்ன அடர்த்திதானா என்பதை எடை காட்டிக்கொடுக்கும். 78 × 72 × 6 இன்ச் என்பது 0.55 கன மீட்டர். முழுக்க 40 அடர்த்தி ஃபோம் என்றால், அதாவது கன மீட்டருக்கு 40 கிலோ, உறை நீங்கலாக 22 கிலோ இருக்க வேண்டும். 28 அடர்த்தி என்றால் பதினைந்தரை கிலோதான் வரும். இந்த வித்தியாசம் தூக்கும்போதே தோளுக்குத் தெரியும். சுருட்டி வந்த மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். ரீபாண்டட் ஃபோம் (துண்டு ஃபோமை ஒட்டி அழுத்தியது), ரப்பரைஸ்டு காயர் (ரப்பர் சேர்த்த தேங்காய் நார்) போன்றவை இதைவிட நன்றாகவே கனம், அவற்றுக்கு இந்த எண்கள் பொருந்தாது. கலப்பு மெத்தையென்றால் எந்த அடுக்கு எத்தனை இன்ச் என்று கேட்டு எழுதி வாங்கித் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

இலவம் பஞ்சு மெத்தை தைக்கக் கொடுப்பவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள். பக்கவாட்டுப் பட்டி வைக்காமல் இரண்டு துணியை ஓரத்தோடு ஓரம் தைத்து அடைக்கும் மெத்தையில், 72 இன்ச்சுக்கு வெட்டிய உறை 72 இன்ச் மெத்தை ஆகாது. 6 இன்ச் உயரத்துக்குப் பஞ்சு ஏறும்போது ஓரம் உருண்டு, அகலம் 68½ அளவுக்கு வந்துவிடும். நீளத்திலும் அதே குறைவு. ‘72 துணி போட்டிருக்கிறேன்’ என்று தைப்பவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் உங்களுக்கு வேண்டியது அடைத்த பிறகு உள்ள அளவு. பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் இரண்டு பக்க அளவிலும் மூன்றரை இன்ச் கூட்டி வெட்டச் சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்கு கிங் ஸ்பிரிங் மெத்தை வாங்குகிறவர்கள் படிக்கட்டின் திருப்பத்தை அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்றடிப் படிக்கட்டில் ஆறடி மெத்தை திரும்பாமல் நிற்கும்போது டெலிவரி ஆட்கள் அதை மடித்துத் திணிப்பார்கள். போனல் ஸ்பிரிங் (சுருள்கள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்தது) மெத்தையின் ஓரக் கம்பி ஒரு முறை வளைந்தால் வளைந்ததுதான். பிறகு அந்த ஓரம் மேடாகவே நிற்கும், கடையில் ‘நீங்கள் மடித்தது’ என்பார்கள். வழி குறுகலென்றால் 36 × 78 மெத்தை இரண்டாக வாங்கிச் சேர்த்துப் போடுவது நல்லது. அதிலும் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும், ஆளுக்கு அரை இன்ச் குறைந்தாலும் நடுவில் ஒரு இன்ச் சந்து விழும்.

பெட்ஷீட்டும் சேர்த்தே கணக்கிடுங்கள். 90 × 100 டபுள் ஷீட் 72 அகல மெத்தையில் பக்கத்துக்கு 9 இன்ச்தான் தொங்கும். 8 இன்ச் உயர மெத்தைக்கு அடியில் செருக ஒரு இன்ச்சே மிஞ்சும். 108 × 108 வேண்டும்.

பில்லில் ‘72 × 78 × 8 இன்ச்’ என்று மூன்று எண்ணும் அடுக்கு விவரமும் இருந்தால்தான் பணம் கொடுங்கள். உங்கள் கட்டிலுக்கென்று தனி அளவில் ஆர்டர் கொடுத்தால் ‘கட் சைஸ், திரும்பப் பெற மாட்டோம்’ என்பார்கள். அப்போது அளவு தப்பினால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். உறையிட்டு வரும் மெத்தையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம் வருடம், அதிகபட்ச விலை, அளவு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதி. அந்த லேபிளைப் பிய்க்காமல் போட்டோ எடுங்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர் பார்க்கும் விஷயம், அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மெத்தையின் மேல் டேப்பை விரித்து எண் தெரியும்படி போட்டோ, பில், லேபிள் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாதீர்கள், ஒரு காப்பிக் கறை பட்டாலும் அதைக் காட்டியே மறுப்பார்கள்.

டெலிவரி வண்டி வாசலில் நிற்கும்போது, “அக்கா, பழசை ஏத்திடுறோம், இடம் கிடைக்கும்” என்று அவசரப்படுத்துவார்கள். புதியதைக் கட்டிலில் போட்டு நீளம், அகலம், உயரம் மூன்றையும் அவர்கள் முன்னாலேயே அளந்து, குறைந்தால் டெலிவரி சலானிலேயே எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய மெத்தையை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.